தண்ணீரையும் எழுதுங்கள்

ஃபிளாரன்ஸ்,
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள், 1503

மதிப்பிற்குரிய மருத்துவர் நிக்கோதெமோ அவர்களுக்கு,

உங்களுக்கும் ஃபெராராவில் உங்கள் வீட்டாருக்கும் இறைவன் நல்ல உடம்பைத் தரட்டும். உங்கள் கடிதம் சென்ற மாதம் வந்தது. அதன் லத்தீனில் இரண்டு பிழைகள். நான் படித்த கன்னியர் மடமாக இருந்தால் முழங்காலில் நிற்க வைத்திருப்பார்கள். மற்றபடி நல்ல கடிதம்.

நீங்கள் உடல்களைத் திறந்து கண்டவற்றையெல்லாம் புத்தகமாக வெனிஸில் அச்சிடப்போவதாகவும், அதில் என் கணவர் உபெர்த்தினோவைப் பற்றிய பக்கத்தைச் சேர்க்க என் அனுமதி வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேர்க்கலாம். ஆனால் நீங்கள் எழுதி அனுப்பிய பக்கம் அப்படியே வரக்கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது நன்றி. அதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. கடிதம் கொண்டுவருபவனைக் குறை சொல்ல முடியாது, தாமதம் என்னுடையது.

சென்ற தவக்காலத்தில் என் மகன் பார்தோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். அவன் அப்பாவுக்கு வந்த அதே வலி, அதே இடம். அன்று அவருக்கு வைத்தியம் பார்த்த இருவரில் ஒருவர் இன்னும் இருக்கிறார். மருமகள் அவரை அழைத்துவிட்டாள். அவர் வந்து, உள்ளுறுப்புகள் குளிர்ந்துவிட்டன, ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்றார். ஒன்பது ஆண்டுகளில் ஒரு சொல்கூட மாறவில்லை. நான் எழுந்து கதவைத் திறந்து, "ஐயா, உங்க பேச்சை ஒரு தடவை கேட்டுட்டேன், அது போதும்" என்றேன். பிறகு, அவர் இறந்த அன்று நீங்கள் பிள்ளைகளுக்காக எழுதித் தந்திருந்த தாளை எடுத்து, அதில் உள்ளபடி வாற்கோதுமைத் தண்ணீரைக் குடம் குடமாகக் காய்ச்சினேன். பார்தோ, "அம்மா, என்னைக் கிணத்துலயே போட்டுடு, வேலை சுலபம்" என்றான். நான்காம் நாள் சிறுநீரோடு கல் விழுந்தது. அப்போது அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் சாத்தப்பட்டன. நேற்று மார்ட்டின் திருநாள் வாத்துக்கறியில் இரண்டு கால்களையும் அவனே தின்றான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் அவன். அந்தப் பிள்ளைகள் சார்பிலும் என் நன்றி.

என் கணவர் இறந்த அன்று மதியம், உடலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது நான் சொன்னது எனக்கு மறக்கவில்லை: "என் புருஷன் என்ன பன்றியா, வயித்தைக் கீறிப் பாக்க?" நீங்கள் கோபப்படவில்லை. "அம்மா, உங்க பிள்ளைகளுக்கும் அவரோட உடம்புதான்" என்று மட்டும் சொன்னீர்கள். சம்மதித்தேன். எடுத்த கற்களை வாங்க ஜன்னலோரம் தட்டை ஏந்தி நின்றவள் நான்தான். அதனால் உங்கள் பக்கத்தைத் திருத்துகிறேன்: "பத்துக்கும் மேற்பட்ட கற்கள்" அல்ல. இடப்புறக் குண்டிக்காயில் நான்கு, வலப்புறத்ததில் ஏழு. அதில் ஒன்று ஒலிவக்கொட்டை அளவு. புத்தகம் என்றால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும்.

நீங்கள் கைகழுவிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் கொடுத்திருந்தால் உதவியிருக்குமா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வேறு எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். நீங்களோ, "பிழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாதும்மா. வலி குறைஞ்சிருக்கும்" என்றீர்கள். ஒரு வாய் ரொட்டிகூடக் கொடுக்காமல் உங்களை வெளியே அனுப்பினேன். தெருவில் பார்த்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த உண்மையை நீங்கள் சொல்லாதிருந்தால் பார்தோவுக்கும் நான் தண்ணீர் கொடுத்திருக்கமாட்டேன். உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடனில் பெரியது அதுதான்.

இப்போது நீங்கள் அனுப்பிய பக்கத்துக்கு வருகிறேன். "பெயர் வேண்டாத ஒரு கனவான்" என்று தொடங்குகிறீர்கள். கற்களைச் சொல்கிறீர்கள்; தண்ணீரைச் சொல்லவில்லை. என் மனம் புண்படக்கூடாது என்று விட்டிருக்கிறீர்கள். அந்த நல்ல மனதுக்கு வணக்கம். ஆனால் அது தவறு. கல் இருந்தது என்று மட்டும் படிக்கும் மாணவன், அடுத்த வீட்டுக்குப் போய் அதே கட்டளையைத்தான் இடுவான்.

என் கொழுந்தன் கெரார்தோவுக்கு இதில் விருப்பமில்லை. "என்ன அண்ணி, அண்ணன் குண்டிக்காயை ஊர் ஊரா விக்கப் போறீங்களா? நம்ம குடும்பப் பேரு என்ன ஆகும்?" என்று சாப்பாட்டு மேசையிலேயே கத்தினார். "உங்க அண்ணன் உயிரோட இருந்தப்ப, விருந்துக்கு வந்தவங்களை எழுந்திருக்க விடாம பாடம் நடத்துவாரே, மறந்துபோச்சா? இப்பவும் நடத்தட்டும்" என்றேன். பார்தோ சிரித்துவிட்டான். கெரார்தோ இரண்டு வாரமாக வருவதில்லை. வராவிட்டால் போகட்டும். என் கணவர் பெயரைப் போடுங்கள்.

நடந்ததை நான் எழுதித் தருகிறேன். லத்தீனில் நீங்கள் ஆக்கிக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் தண்ணீர் கூடாது என்றார்கள். கீழ்ப்படிதலை மடத்தில் கற்றவள் நான். சொன்னதைச் சொன்னபடி செய்வேன். குவளையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். முதல் நாள் அவர், "தியனோரா, ஒரு வாய் தண்ணி குடுடி, யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வேடிக்கையாகக் கேட்டார். இரண்டாம் நாள் திட்டினார். மூன்றாம் நாள் ஒன்றும் கேட்கவில்லை. சாவி இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணீர் மறுக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள். யார் மறுத்தது என்று படிப்பவனுக்குத் தெரிய வேண்டும். மனைவி மறுத்தாள் என்று எழுதுங்கள். அவள் கவனமானவள், கணவனை நேசித்தவள் என்று சேர்க்க விரும்பினால் சேர்க்கலாம், அதுவும் உண்மைதான்.

கடவுள் உங்கள் கண்ணையும் கையையும் காக்கட்டும். உங்கள் நாக்கு அன்றிருந்தது போலவே இருக்கட்டும். அச்சானதும் முதல் பிரதியை எனக்கு அனுப்புங்கள். எனக்கு எழுபத்து மூன்று, ஆகவே தாமதிக்க வேண்டாம். அந்தப் பக்கத்தை அவர் கல்லறைக்கு எடுத்துப்போய், ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

உங்களுக்கு என்றும் நன்றியுள்ள,
உபெர்த்தினோவின் மனைவி
தியனோரா