பொதுப்பெட்டியும் உன் மாமனும்

ஹுன்னஸ்கிரிய,
1879 ஐப்பசி

அன்பு மகன் கிறகரிக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் காப்பாற்ற நானும் உன் தங்கச்சி அந்தோனியம்மாவும் அவள் பிள்ளைகளும் இங்கே சுகம், ரங்கூனில் நீயும் மருமகள் ரெஜினாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று செபமாலை சொல்லும்போதெல்லாம் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். நீ அனுப்பிய சீலை வந்தது, தங்கச்சி அதை இன்னும் உடுத்தவில்லை, நத்தார்ப் பண்டிகைப் பூசைக்கு என்று வைத்திருக்கிறாள். மழை விடவே இல்லை. கோப்பிச் செடிகளைப் பார்த்தால் உனக்கு அழுகை வரும், இலைக்கு அடியில் மஞ்சள் பொடி பிடித்து எல்லாம் உதிர்ந்துபோகிறது, துரை தினமும் மலைக்கு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறார். வேலையும் வாரத்தில் பாதி நாள்தான். கடிதம் எழுத ஏன் இவ்வளவு நாள் என்று நீ கோபித்திருப்பாய். எழுத உட்கார்ந்தால் உன் மாமனைப் பற்றி எழுத வேண்டிவரும் என்றுதான் உட்காராமல் இருந்தேன்.

ரெஜினாவுக்கும் வாசித்துக் காட்டு, அவளுக்கு இந்தக் கதை தெரியாது. உன் அப்பா வாந்திபேதியில் போனபோது சவப்பெட்டி செய்யப் பலகை வாங்கக்கூட நம்மிடம் காசு இல்லை. ஆட்களைப் பிடித்து வேலை வாங்கும் பெரிய கங்காணியிடம் வாங்கினோம், அந்தக் கடனுக்காகத்தான் நீ பன்னிரண்டு வயதில் மண்வெட்டி பிடித்தாய். அதற்குப் பிறகுதான் நானும் ராக்கம்மாவும் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் சிலரும் சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொதுப்பெட்டி வைத்தோம். போட்டவர்களுக்கு மட்டும் அதிலிருந்து கடன், கங்காணி வாங்குகிற வட்டியில் கால் பங்குகூட இல்லை, யாருக்குக் கொடுப்பது என்று எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு. வேதக்காரர், மாரியம்மன் கும்பிடுகிறவர்கள் என்று பார்க்கவில்லை. அந்தப் பெட்டியால் எத்தனை பேர் கண்டி ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துப் போய்ப் பிழைத்து வந்தார்கள், எத்தனை பேர் கங்காணியிடமிருந்து தங்கள் துண்டை மீட்டார்கள். துண்டு என்றால் ஆளின் கடனை எழுதிய சீட்டு, ரெஜினா. அதை மீட்காமல் ஒருவனும் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. நீ கப்பல் ஏறியதும் அந்தப் பெட்டியால்தான்.

பணம் லயத்தில் இருந்தால் பயம் என்று கண்டியில் கடை வைத்திருந்த என் தம்பி பற்றிக்கிடம் கொடுத்து வைக்கலாம் என்று சொன்னது நான்தான். யாரும் மறுத்துப் பேசவில்லை. உனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்த தாய்மாமன், கோயிலில் முன்வரிசையில் முழங்காலில் நிற்பவன், அவனை யார் சந்தேகிப்பார்கள்.

இந்த ஆனியில் காளிமுத்து, ராக்கம்மாவின் மகன், குண்டசாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கேட்டு வைத்துவிட்டு வந்து துண்டை மீட்கக் கடன் கேட்டான். எல்லாரும் சம்மதித்தோம். நான் கண்டிக்குப் போனேன். பற்றிக் எனக்குக் கதிரை போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் கோப்பி கொடுத்து, அடுத்த மாசம் வா அக்கா, கைமாத்தாக் கொஞ்சம் வெளியில நிக்குது என்றான். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னான். அதற்கிடையில் காளிமுத்துவின் பெண்சாதி பாலம்மாவுக்குப் பிரசவ வலி வந்து பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. வண்டிக்காரன் காசைக் கையில் வைத்தால்தான் மாட்டைப் பூட்டுவேன் என்றான். பெட்டியில் காசு இருக்கிறது என்று நான் கெஞ்சினேன், எங்க இருக்கு காட்டுங்க என்று கேட்டான். விடிந்த பிறகு கடைக்கார முஸ்லிம் அண்ணன் தாஸிம் நானா தன் வண்டியைக் கொடுத்தார். பாலம்மா பிழைத்தாள். பிள்ளை வழியில் தெல்தெனிய தாண்டும்போதே போய்விட்டது. ஆண் பிள்ளை.

அடக்கம் முடிந்து காளிமுத்து பெரிய கங்காணியிடம் போய், இன்னும் கொஞ்ச நாளில் என் துண்டை மீட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவர் சிரித்தாராம். எந்தக் காசுல மீட்பே, உங்க பெட்டியே நம்மகிட்டதானே கெடக்கு, போய்ப் பற்றிக்கிட்டயே கேளு என்றாராம். இலைநோய்க்குப் பயந்து சின்னக் கங்காணிமார் ஊருக்குத் திரும்பும்போது தங்கள் ஆட்களின் துண்டுகளைக் குறைந்த விலைக்கு விற்றார்கள் அல்லவா, அவற்றை இவர் வாங்கியது நம்முடைய காசில். எங்கள் பணத்தைக் கொண்டே எங்களைக் கட்டிப் போட்டுவிட்டார். அவர் செய்தது எனக்கு ஆச்சரியமில்லை மகனே, அவர் என்றும் அப்படித்தான். கொடுத்தது என் தம்பி.

அன்றே கண்டிக்கு நடந்தேன். கடையில் ஆட்கள் இருக்கும்போதே கேட்டேன். திருடல அக்கா, வட்டிக்குக் குடுத்தா பெட்டி பெருகுமேன்னுதான், உங்க நன்மைக்குத்தான் என்றான். வந்த வட்டி பெட்டிக்குள் விழுந்ததா என்று கேட்டேன். தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பாலம்மாவின் பிள்ளையைச் சொன்னேன். அது எனக்குத் தெரியாதே அக்கா என்றான். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை, பதிலைக் கேட்டுத் தாங்க முடியாது. பசிக்கு எடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

லயத்துக்குத் திரும்பும்போது என் மேல் கல் விழும் என்றே நினைத்து வந்தேன். ராக்கம்மா வாசலில் நின்றாள், பேரனைப் புதைத்த அவள்தான் முதலில் பேசினாள். நீ ஓடிப் போகாம எங்ககிட்ட வந்துட்டியே, உள்ள வா, பேசுவோம் என்றாள். பேசினோம். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதியதும் துண்டு கைமாறிய குடும்பங்கள் எல்லாம் வரிசையில் போகாமல் ஒன்றாக நின்றோம். ராக்கம்மாதான் துரைக்குச் சொன்னாள். எங்க காசுல வாங்குன துண்டு தொர, நாங்க எங்களுக்கே கடன்காரங்களா, அதுக்குப் பதில் சொல்லுங்க, வேலைக்குப் போறோம் என்றாள். காய்த்திருக்கிற கொஞ்சக் கோப்பிப் பழமும் ஆளில்லாமல் உதிர்ந்துவிடும் என்று துரைக்குப் பயம். கங்காணியைக் கூப்பிட்டு ஏதோ கத்தினார். சாயந்தரம் துண்டுகள் திரும்பி வந்தன, எல்லாம் இல்லை, பாதிக்குக் கொஞ்சம் கூட. காளிமுத்துவின் துண்டு வரவில்லை, அது கங்காணி தன் காசில் கொடுத்த பழைய கடனாம். அவன் இன்னும் இங்கேதான் களை வெட்டுகிறான், என்னைக் கண்டால் பேசுவான், முகத்தைப் பார்க்க மாட்டான்.

பெட்டியை மூடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். மூடினால் கங்காணியைத் தவிர வேறு போக்கில்லாமல் போகும் என்று அங்கம்மா சொன்னாள், அவளுடைய மூன்று பிள்ளைகளும் அந்தப் பெட்டியால் பிழைத்தவர்கள். இப்போது லயத்திலேயே வைத்திருக்கிறோம். பூட்டு மூன்று, சாவி மூன்று பேரிடம், என்னிடம் ஒன்றும் இல்லை. கொடுக்க வந்தார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். போன சம்பளத்தில் முதல் காசு போட்டது காளிமுத்து.

உன் மாமன் கடையைப் பூட்டிவிட்டான். தாஸிம் நானா அவனைப் பேராதனை ஸ்டேஷனில் பார்த்திருக்கிறார். ரங்கூனுக்குப் போறன்டு சென்னாரு புள்ள, ஒங்கட மகன்ட ஊட்டுக்குத்தான் என்றார். இந்தக் கடிதமும் அவனும் ஒரே கப்பலில் வந்தாலும் வரலாம். வாசலில் வந்து நின்றால் விரட்டாதே, சோறு போடு, படுக்க இடம் கொடு, ரெஜினா முன்னால் அவனைத் திருடன் என்று சொல்லாதே. ஆனால் உன் சம்பளம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டாம். அங்கே துறைமுகத்தில் வேலை செய்கிற நம் ஆட்களும் இப்படி ஒரு பெட்டி வைக்கப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், வையுங்கள், நல்ல காரியம், சாவியை மட்டும் யாருடைய மாமனிடமும் கொடுக்காதீர்கள்.

பூசைக்குப் போய் நன்மை வாங்கத் தவறாதே, மருமகளை வெயிலில் தண்ணீர் சுமக்க விடாதே. மாதாவின் காவல் உங்கள் இருவர் மேலும் இருக்கட்டும், சீக்கிரம் ஒரு பேரப்பிள்ளைச் செய்தி வரட்டும். பற்றிக் வந்தால், அக்கா என்னைப் பற்றி ஏதாவது எழுதினாளா என்று கேட்பான். ஒன்றும் எழுதவில்லை என்று சொல். மழைக்காலத்தில் அவனுக்கு நெஞ்சு இழுக்கும், சுக்குத்தண்ணீர் சூடாகக் கொடு, நான் சொன்னேன் என்று சொல்லாதே.

உன் அம்மா,
மார்கிரட்