இரண்டாவது ஆள்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், அப்பாவின் மருத்துவமனைக் காகிதங்களைத் தேடி எடுத்தேன். நீ பீரோவின் மேல்தட்டில் கட்டி வைத்தது அப்படியே இருந்தது.

யார் எங்கே இருமினாலும் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று என் வேலையைக் கேலி செய்வாய். பதினொரு மருத்துவமனைகளில் யாருக்கு லீஜனேர்ஸ் நோய் வந்தாலும் விவரம் என் மேசைக்கு வரும். வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் வளரும் கிருமி அது. ஷவர் சாரலோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக்கிவிடும். ஆறு மாதத்துக்குள் ஒரே இடத்தில் இரண்டு பேருக்கு வந்தால்தான் அங்கே குழாய்களை மூடிச் சோதிக்க எங்கள் சுகாதார அலுவலகத்துக்கு அதிகாரம். ஒருவர் மட்டும் என்றால் எச்சரிக்கைக் கடிதத்தோடு சரி.

நேற்று ஒரு விவரம் வந்தது. வயதான தையல்காரர், இறந்துவிட்டார். மூட்டு அறுவைக்குப் பிறகு அவர் தங்கியிருந்தது, அப்பா இருந்த அதே பராமரிப்பு இல்லத்தில். நிர்வாகியைக் கூப்பிட்டேன். ஒருத்தர்தானே மேடம், அவங்க வீட்டுத் தண்ணியா இருக்கும் என்றார். விதிப்படி அவரை ஒன்றும் செய்ய முடியாது. அங்கே இன்னும் நாற்பது பேர் குளிக்கிறார்கள்.

அப்பாவுக்கு ஷவர் வைத்த அறைதான் வேண்டும் என்று நீ விடுப்பில் வந்து அலைந்து வாங்கினாய். காலமெல்லாம் வாளியில் குளித்த மனிதர். பெரிய மனுஷன் ஆயிட்டேன், தலைக்கு மேல மழை பெய்யுது என்று நர்ஸுகளிடம் சொல்லிச் சிரித்தாராம்.

மூன்று மாதத்துக்கு முன், மருத்துவமனையில் அப்பாவின் கடைசி நாட்களில், மருத்துவர் என்னிடம், எதற்கும் அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடலாமா என்று கேட்டார். தினமும் அதையே பார்க்கிற நான் சொன்னது இது: "வேண்டாம் டாக்டர். வயசானவரை இனிமே படுத்தாதீங்க." சாதாரண நிமோனியா என்று உனக்கும் சொன்னேன். சொல்லும்போதே சந்தேகம் இருந்ததா என்று நேற்றிலிருந்து என்னையே கேட்கிறேன். இருந்தது தம்பி.

அப்பாவின் சளி மாதிரி ஆய்வக உறைபெட்டியில் இன்னும் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் அழித்துவிடுவார்கள். நாளைக்கு நான் மகளாகக் கையெழுத்துப் போட்டு அதைச் சோதிக்கச் சொல்லப்போகிறேன். கிருமி இருந்தால் அப்பாதான் அந்த இல்லத்தின் இரண்டாவது ஆள், குழாய்களை மூடிவிடலாம். அன்று வேண்டாம் என்றது நான்தான் என்பதையும் எழுதிக்கொடுப்பேன். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. உன் அத்தானிடமும் சொல்லவில்லை.

முடிவு வந்ததும் கூப்பிடுவேன். அந்த அறையை நினைத்து நீ உன்னை வதைத்துக்கொள்ளாதே. கோபம் என்மேல் வரட்டும், எவ்வளவு நாளானாலும் இருக்கட்டும். போனை மட்டும் எடுடா.

உன் அக்கா