நாப்பா முழுக்க அந்த வாசனை

இந்த டைரியை எடுத்தது யாராக இருந்தாலும், ப்ளீஸ், மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். படித்துத்தான் தீருவேன் என்றால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் அம்மாவிடம் காட்ட வேண்டாம். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். இங்கே அமெரிக்காவில் எங்கள் டப்ளின் சர்ச்சில் ஒருவருக்கும் தெரியக் கூடாது.
கிரேசி, எட்டாம் வகுப்பு.

1997 அக்டோபர் 10, வெள்ளி

நல்ல வெயில். ஸ்கூல் விட்டதும் டப்ளினிலிருந்து நாப்பாவுக்குக் கிளம்பினோம், ஃப்ரீவே முழுக்க டிராஃபிக். அம்மா அப்பாவின் பதினைந்தாவது கல்யாண நாள். என்னை யாரிடமும் விட்டுவிட்டு வர முடியாததால் நானும்.

பழைய மர வீடு, அதில் வாடகை அறைகள். எனக்குப் பக்கத்து சின்ன ரூம். என் பாத்ரூமில் கால் வைத்த குளியல் தொட்டி. தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் தெரியாமல் இருக்க கதவடியில் டவல்.

ஊருக்குள் கார் நுழைந்ததுமே அந்த வாசனை. திராட்சை அறுவடை சமயமாம். வைனுக்காகப் பெரிய தொட்டிகளில் போட்டுப் புளிக்க வைக்கிறார்களாம். ஊர் முழுக்க.

"பேக்கரி மாதிரி மணக்குதுல்ல?" என்றாள் அம்மா.

எனக்கு பாளையங்கோட்டை வீடு. அப்பாவின் சட்டை. அப்பா கார் கண்ணாடியை ஏற்றினார்.

அக். 11, சனி

காலையில் வானத்தில் பலூன்கள், ஏழோ எட்டோ. மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாகக் கொடிகள். அம்மா புளியோதரை கட்டி வந்திருந்தாள். ஹிஸ்டரி டெஸ்டுக்கு ஒன்றும் படிக்கவில்லை.

ஒரு திராட்சைத் தோட்டத்தில் ருசி பார்க்க நின்றோம். நரைத்த தலை லேடி ஒருவர் வைன் ஊற்றிக் கொடுத்தார். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்ப ஒரு வாளியும் வைத்திருந்தார். அப்பா துப்பினார். ஒவ்வொரு தடவையும், சொட்டு மிச்சமில்லாமல். அமெரிக்கா வருவதற்கு முன் சபை முன்னால் முழங்காலில் நின்று, இனி குடியைத் தொடமாட்டேன் என்று சொன்னவர்.

"என்னங்க, எல்லாரும் பாக்க இப்படித் துப்புறீங்க? அசிங்கமா இருக்கு."

"துப்பத்தான் ஸ்டெல்லா வாளி வெச்சிருக்காங்க."

"திராட்ச ரசத்தப் போய் துப்புவாங்களா? கர்த்தரோட பந்தியில வெக்கிறது. அந்த லேடி என்ன நெனைப்பாங்க?"

"எனக்கு வேணாம் ஸ்டெல்லா."

"இது என்ன பிராந்தியா? கிறிஸ்மஸுக்கு நானே ஜாடியில போடுறேன்ல? நம்ம ஆனிவர்சரிங்க. ஒரு வாய்."

நான் சொன்னேன்: "அம்மா, வைனும் ஆல்கஹால்தான். ஹெல்த் கிளாஸ்ல சொன்னாங்க."

"ஆமா, நீ பெரிய டாக்டர். சும்மா இருடி."

அப்பா என்னைப் பார்த்தார். என்னிடம் ஏதோ கேட்கிற மாதிரி. பிறகு விழுங்கினார். அடுத்த தோட்டத்தில் வாளிப் பக்கமே போகவில்லை.

அம்மா வாங்கியவை: தொப்பி, ஜாம், கிறிஸ்மஸ் கேக்குக்கு என்று இரண்டு பாட்டில் வைன். அவ்வளவு சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ராத்திரி. சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் இரண்டு பேர் சிரிப்பு. பிறகு அப்பா மட்டும். கேக்குக்கு வாங்கியதில் ஒன்றைத் திறந்துவிட்டார்.

அவர் கத்துகிற ஆள் இல்லை. குடித்தால் குரல் மெதுவாகிவிடும். பாளையங்கோட்டையில் அந்தக் குரலில் என்னை எழுப்பி ஸ்டூல் மேல் நிறுத்தி பைபிள் மனப்பாட வசனம் சொல்லச் சொல்வார். ஒரு வார்த்தை தப்பினால் மறுபடி முதலிலிருந்து. கால் மரத்து விழுந்தாலும் ஏற வேண்டும். அம்மா கதவோரம் நின்று அழுவாள். காலையில் அப்பாவுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, "ஏன் கண்ணு, கண்ணு செவந்திருக்கு?" என்பார். அது அப்பா. ராத்திரி வருகிறவர் வேறு யாரோ. அவர் பாளையங்கோட்டையிலேயே இருந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

அக். 12, ஞாயிறு

சர்ச் இல்லை. நாளை ஸ்கூல் லீவு, அதனால் இன்று ராத்திரியும் இங்கேதான். அப்பா முகம் வீங்கி இருந்தது. கார் அம்மா ஓட்டினாள். வாசனை துணியிலும் தலைமுடியிலும். இரண்டு தடவை குளித்தேன்.

சாயங்காலம் வராந்தாவில் அப்பா, இரண்டாவது பாட்டிலோடு. நான் தாண்டிப் போகும்போது மெதுவாக:

"கிரேசி, வசனமெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கா?"

"இருக்குப்பா."

"பாப்போம், பாப்போம்."

அது அம்மா காதில் விழுந்துவிட்டது. அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் உள்ளே போன நேரம் பார்த்து, பாதி இருந்த பாட்டிலை முந்தானையில் மறைத்து என் ரூமுக்குக் கொண்டுவந்தாள்.

"இது உங்கிட்ட இருக்கட்டும். கதவப் பூட்டிட்டுப் படு."

"ஏம்மா?"

"பூட்டுன்னா பூட்டு." பிறகு, "நான்தான குடிக்கச் சொன்னேன்" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

பக்கத்து ரூமில் பெட்டி திறக்கிற சத்தம். அலமாரி. மறுபடி பெட்டி. தேடுகிறார். அம்மா சத்தமே இல்லை.

பாட்டிலை வாஷ்பேசினில் கொட்டிவிட்டேன். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் சிவப்பு போகவில்லை. இங்கேயும் அந்த வாசனை.

தேடுகிற சத்தம் நின்றுவிட்டது.

ரூம் கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவாக இருந்தால் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். இன்னும் கூப்பிடவில்