இரண்டு உப்பு

பிப்ரவரி 4

என் ஆசை வாலுத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் மூத்தவளின் பெண் நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள். அந்த வெள்ளை உடுப்பு அவளுக்கென்றே பிறந்தது போல இருக்கிறது. அவள் தம்பி நீச்சலில் கோப்பை வாங்கினான். இப்போது அந்தக் கோப்பையில்தான் பால் குடிப்பேன் என்கிறான். சின்னவனின் பையன் மேடையில் ஒரு பாட்டு முழுக்கப் பாடினான். நடுவில் தும்மியதுகூடச் சுருதி தப்பவில்லை. எல்லாம் நம் வீட்டு மூளை.

நீ அனுப்பிய படத்தைச் சுவரில் மாட்டினேன். லாரி ஓட்டிய காலத்தில் ஒட்டடைக்குச்சியாக இருந்தவன், வேலையை விட்டதும் எப்படிப் பூரித்திருக்கிறான் பாருங்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்தேன். நர்ஸ்காரி மட்டும் கிட்டே போய் நின்றாள். "பாட்டி, தாத்தா பூரிக்கல. உப்பியிருக்கார். செருப்பு வாரைப் பாருங்க, கடைசி ஓட்டையில இருக்கு. உப்பு ரொம்பச் சேர்த்துக்கறாரோ?"

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். சமையலறை உப்புக்கும் உடம்பு உப்புவதற்கும் ஒரே எழுத்து என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. உடனே டாக்டரிடம் போ. என்ன சாப்பிடுகிறாய் என்று மறைக்காமல் எழுது.

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

பேத்திக்கு என் வாழ்த்து. வேலையில் சேரும் முன்பே ஆள் பிடிக்கத் தொடங்கிவிட்டாளே! உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். சூப் பாக்கெட், ஊறுகாய், சிப்ஸ். ஒண்டிக்கட்டைக்கு வேறென்ன வேண்டும்? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பழைய லாரி மேடேறினால் முனகாதா? டாக்டரெல்லாம் வேண்டாம்.

உங்களிடம் மறைப்பானேன். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு எதுவுமே நாக்கில் ஒட்டவில்லை, அக்கா. அவள் கைருசி வருமா என்று இன்னும் ஒரு சிட்டிகை, இன்னும் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது.

தம்பி

மார்ச் 2

தம்பி,

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். கனவில் கடல். நீ சின்னப்பிள்ளையாக என் இடுப்பில் இருக்கிறாய். உன் வீட்டுக்காரி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு தம்ளரால் கடலுக்குள் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். "என்னடி பண்றே?" என்றேன். "கொஞ்சம் கரிப்பு தூக்கலாயிடுச்சு அண்ணி. சரிபண்ணிட்டு வந்துடறேன்" என்றாள். கடல் அவள் அடுப்பில் வைத்த குழம்பு மாதிரி அடங்கிக் கிடந்தது.

கேட்டுக்கொள். நீ டாக்டரைப் பார்க்கும்வரை என் தட்டில் உப்புக்கல் விழாது. "இந்த வயசுல வீம்பைப் பாரு" என்று மருமகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். மதியம் ஒரு மணிக்கு நான் ஜன்னலோரம் தட்டோடு உட்காருவேன். அதே நேரம் நீ அங்கே உட்கார். ஒண்டியாகச் சாப்பிடாதே.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

ஜெயித்துவிட்டீர்கள், உப்பைத் தொடுங்கள். டாக்டரிடம் போனேன். இதயம் களைத்திருக்கிறதாம், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஆபத்தாம். மாத்திரை தந்தார். "உப்பையும் தின்னு மாத்திரையும் போட்டா, பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதிச்ச மாதிரி" என்றார். டிரைவருக்குப் புரியாதா?

உப்பில்லாச் சோறு முதலில் காகிதத்தை மெல்வது போல இருந்தது. ஒரு மணியானால் உங்களைத் திட்டிக்கொண்டே மென்றேன். நேற்று வெறும் கேரட்டை வேகவைத்தேன். இனித்தது அக்கா! அவள் வைத்தால் அப்படித்தான் இனிக்கும். சர்க்கரை போட்டுவிட்டாள் என்று அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். பாவி, அவள் ஒன்றுமே போடவில்லை.

தம்பி

ஏப்ரல் 18

சண்டைக்காரத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன். அதே கடல். அவளைக் காணோம். தம்ளர் மட்டும் கழுவி, மணலில் கவிழ்த்து வைத்திருந்தது. வேலை முடிந்தால் அவள் அப்படித்தானே வைப்பாள்.

சுவரிலிருந்து பழைய படத்தை எடுத்துவிட்டேன். ஆணி சும்மா இருக்கிறது. புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு. மூஞ்சி தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. செருப்பு வார் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியணும்.

அக்கா