துரைக்குப் புரிந்த வார்த்தை

ஜூன் 4

அன்புள்ள பாப்பு,

நலம்தானே? போனில் எப்போதும் ‘அப்புறம் பேசறேன்ப்பா’ என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

நீ என்னிடம் விட்டுப்போன துரைக்கு முதுகில் அறுவை முடிந்து தையலும் பிரித்தாயிற்று. பின்னங்கால் இரண்டும் இன்னும் துணிபோலத்தான் கிடக்கின்றன. நாய்களுக்கான தண்ணீர்ச் சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறார் டாக்டர். பெரிய கண்ணாடித் தொட்டி, அடியில் நடப்பதற்காக மெல்ல ஓடும் பட்டை. உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் வெதுவெதுப்பான தண்ணீர் ஏறுகிறது. உடம்பின் பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொண்டால் கால் தன் பழைய வேலையை நினைவுபடுத்திக்கொள்ளுமாம். ஐயாவுக்கு ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை வேறு. எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால் தைலம், அவருக்கு வெந்நீர்த் தொட்டி. துரை என்று பேர் வைத்தது வீண்போகவில்லை.

ஆனால் அவன் மிதக்கிறானே தவிர நடக்கவில்லை. கூடவே இறங்கி நிற்கும் பெண் காலைப் பிடித்துப் பிடித்து எடுத்துவைக்கிறாள். கையை எடுத்தால் கால் பின்னால் இழுபட்டுப் போய்விடுகிறது. ஒருமுறை நீ வந்து எதிரே நின்றால் நடப்பான் என்று தோன்றுகிறது.

அன்புடன்,
அப்பா


ஜூன் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். அவன் கிடக்கிற கிடையை வந்து பார்க்க எனக்கு மனசில் தெம்பில்லை. லீவு என்றாலே மேலதிகாரி முறைக்கிறார். துரை எழுந்து நடக்கட்டும், அன்றைக்கே டிக்கெட் போடுகிறேன். சத்தியம்.

எங்களோடு வந்து இருப்பதைப் பற்றிப் போனில் கேட்டீர்களே. ஆசைதான். இந்த வீட்டில் எங்கே திரும்பினாலும் மாடிப்படி, உங்கள் முழங்காலுக்குச் சரிப்படாதுப்பா.

வரேன்ப்பா,
பாப்பு


ஜூலை 27

அன்புள்ள பாப்பு,

கால் வந்துவிட்டது!

எதைக் கேட்டால் துள்ளி எழுந்திருப்பான் என்று அந்தப் பெண் கேட்டாள். ‘பந்து’ என்றேன், ‘பிஸ்கட்’ என்றேன். மிதந்தபடியே பார்த்தான். அப்போதுதான் உன் கடிதத்தின் கடைசி வரி ஞாபகம் வந்தது. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ‘வரேன்’ என்பாயே, அவனும் பின்னாலேயே கேட் வரைக்கும் ஓடுவானே. கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, “வரேன் துரை, வரேன்” என்றேன்.

காது நிமிர்ந்தது. இடது கால் மடங்கி, முன்னால் வந்து, பட்டையில் ஊன்றியது. அப்புறம் வலது. அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினாள். என் மூக்குக்கண்ணாடி மங்கிப்போனதற்கு ஆவிதான் காரணம் என்று சொல்லிவைத்தேன்.

அன்றிலிருந்து போகும்போதெல்லாம் அதையே கத்துகிறேன். தொண்டை கட்டிவிட்டது. அங்கே எனக்கு ‘வரேன் தாத்தா’ என்றே பேராகிவிட்டது. இப்போது இடுப்பைக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டு வெறுந்தரையிலும் நடக்கிறான்.

சொன்னபடி டிக்கெட் போடு. உன் அறையை ஒழித்துவைத்துவிட்டேன். மெத்தையை வெயிலில் காயப்போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா


ஆகஸ்ட் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்தப் பெண் அனுப்பிய வீடியோவை ஓயாமல் பார்த்தோம். நீங்கள் தெய்வம் அப்பா.

நானும் இவரும் பேசினோம். நான் வந்து நாலு நாளில் திரும்பி, அவனை மறுபடி ஏங்கவிடுவதைவிட, துரையை இங்கேயே அழைத்துக்கொள்வது நல்லது. வளர்ப்புப் பிராணிகளைக் கொண்டுவந்து சேர்க்கிற ஆள் ஒருவர் வீட்டுக்கே வருவார். துரைக்காக மாடிப்படிமேல் சாய்வாகப் பலகை அடித்து, வழுக்காமல் விரிப்பும் ஒட்டிவிட்டோம். உங்களுக்கும் இனி அலைச்சல் இல்லை. கோபப்படாதீர்கள். அடுத்த வருஷம் கட்டாயம்.

வரேன்ப்பா,
பாப்பு


செப்டம்பர் 9

பாப்பு,

துரை இதற்குள் வந்து சேர்ந்திருப்பான்.

அவன் போகமாட்டான், அந்த ஆள் வெறுங்கையோடு திரும்புவார் என்று நம்பியிருந்தேன். மறைப்பானேன், வேண்டிக்கொண்டும் இருந்தேன். முதலில் அப்படித்தான் நடந்தது. என் நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டு அசையவில்லை. அந்த மனிதர் பொறுமைசாலி. வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். நாளைக்குக் கூண்டோடு வருவதாகச் சொல்லி எழுந்தார். போகும்போது மரியாதையாக, “சரிங்க, வரேன்” என்றார்.

துரை எழுந்தான். அவர் பின்னாலேயே வாசலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, வண்டிவரைக்கும் நடந்தான். இடுப்புகூட ஆடவில்லை. திருப்பிக் கூப்பிட என்னிடம் வேறு வார்த்தை இல்லை.

கோபப்படாதீர்கள் என்று எழுதியிருந்தாய். கோபமாகத்தான் இருக்கிறது. நாய் நடக்கவேண்டும் என்று நான் தொண்டை கிழியக் கத்தவில்லை, நீ வரவேண்டும் என்று கத்தினேன். பலகை நன்றாகத்தான் இருக்கும். என் முழங்காலும் அதில் ஏறும்.

ஒன்றுமட்டும் கவனம். அங்கே வேலைக்குக் கிளம்பும்போது அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதே. நம்பித் தெருவரைக்கும் ஓடிவருவான், அவன் முதுகு தாங்காது.

எனக்கு எழுதும்போதும் வேண்டாம்.

அப்பா