முகம் மட்டும்

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

வந்து சேர்ந்தேன். கண்ணில் அழுத்தமாம். ஒரு வாரம் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி மாற்றுவார்களாம்.

போனில் கேட்டால் மழுப்புவாய் என்பதால் எழுதுகிறேன். நம் வீட்டிலிருந்து அரை மணியில் ஒரு கண் ஆஸ்பத்திரி இருக்க, ஏழு மணி நேர ரயில் பயணத்தில் என்னை ஏன் இங்கே அனுப்பினாய்? லாட்ஜின் விலாசத்தைக்கூட நீயே எழுதிக் கொடுத்தாய்.

அந்த லாட்ஜுக்குப் பின்சந்தில் ஒரு தோட்டம். தெருக்காரர்கள் ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கத்தரியும் தக்காளியும் போட்டிருக்கிறார்கள். சுற்றுச்சுவர் முழுக்க ஓவியம்: திமிங்கிலம், தையல் மிஷின், ஆள் உயரப் பூசணிப்பூ. கடைசிச் சுவரில் அவரைக்கொடிக்குப் பின்னால் ஒரு கிழவர். இடது கையில் குடை, வார் அறுந்த செருப்பில் ஊக்கு, மூக்கோரம் மச்சம்.

அது நான்.

மருந்து விட்ட கண், தவறாகவும் இருக்கலாம். நாளை காலை வெளிச்சத்தில் சரிபார்க்கிறேன்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 6, வெள்ளி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

சவரக் கண்ணாடியை எடுத்துப்போய் ஒப்பிட்டேன். நானேதான். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் கேட்டேன்.

“யாரும்மா இத வரைஞ்சது?”

“நம்ம தாடிதான் சார். ஏன், நல்லால்லியா?” என்று என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். “அட, உங்கள அப்படியே உரிச்சு வச்சிருக்கானே!”

அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. எனக்கு வேறு என்ன தெரியும்? முப்பத்தொரு வருஷம் நகராட்சிப் புகார்ப் பிரிவில் எழுத்தராக இருந்தவன். தோட்டத்திலும் ஒரு புகார் நோட்டு இருந்தது. அதில் எழுதினேன்: ‘அனுமதியின்றி வரையப்பட்ட என் முகத்தை மட்டும் அழிக்கவும். குடை, செருப்பு குறித்து ஆட்சேபணை இல்லை.’ தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

மறுநாளே அந்தத் தாடிக்காரன் வந்தான். மாதுளைச் செடிக்குப் பின்னால் நின்று கவனித்தேன். கண் மங்கல், முதுகுதான் தெரிந்தது. முகத்தின் மேல் வெள்ளை அடித்தான். பிறகு பிரஷைக் கழுவி, துணியில் ஒற்றி, தலைகீழாக டப்பாவில் வைத்தான். ஒழுங்கான ஆள்.

நீ ஏன் இன்னும் பதில் போடவில்லை?

உன் வீட்டுக்காரன்


மார்ச் 10, செவ்வாய்

என்னங்க,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்ன காரியம் செய்துவிட்டீர்கள்!

ஆமாம், நான்தான் திட்டம் போட்டு அனுப்பினேன். எட்டு வருஷமாக நீங்கள் மதியம் தூங்கும்போது நம் பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறேன். “செவுத்துல கிறுக்குறவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது” என்று சொன்னீர்களே, அன்றிலிருந்து. நேரில் வர அவனுக்குப் பயம். ‘அப்பாவை வரைந்து வைக்கிறேன், பார்த்துச் சந்தோஷப்பட்டால் முன்னால் வந்து நிற்கிறேன்’ என்றான்.

நேற்றுப் போனில் சொன்னான்: “அப்பா கையெழுத்து கொஞ்சங்கூட மாறலம்மா. மொகத்த மட்டும்னு எழுதியிருந்தாரு. அழிச்சிட்டேன்.” உடனே போனை வைத்துவிட்டான்.

எல்லாரையும் சந்தேகப்பட்டீர்கள். பிரஷைத் தலைகீழாக வைத்ததைப் பார்த்தபோதுகூடவா தோன்றவில்லை? பேனாவைக் கழுவி அப்படி வைக்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 16, திங்கள்

அன்புள்ளவளே,

நான்கு முறை படித்தேன். முதல் முறை, நீ கதை கட்டுகிறாய் என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

தோட்டத்துக்கு ஓடினேன். முகமில்லாத ஒருவன் குடையோடு நிற்கிறான். “அன்னிக்கி அப்பறம் அவன் இந்தப் பக்கமே வர்ல சார்” என்றாள் அந்த அம்மாள். நோட்டை வாங்கி எழுதினேன்: ‘என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.’ வேலையில் இருந்தவரை காரணம் எழுதாமல் யாரையும் புகாரைத் திரும்பப் பெற விட்டதில்லை. என் பேனா வெகுநேரம் நின்றது. கடைசியில், ‘புகார்தாரர் சரியாகப் பார்க்கவில்லை’ என்று எழுதினேன்.

புதுக் கண்ணாடி கைக்கு வந்த பிறகும், ஊர் திரும்பும் ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு மூன்று நாள் அவரைப் பாத்தி ஓரமாகவே உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை அந்த அம்மாள் வந்து, “சார், பழைய கண்ணாடியோட வரையறதா, புதுசோடயான்னு கேக்கச் சொன்னான்” என்றாள்.

அவன் எங்கே என்று நான் கேட்கவில்லை. காற்றே இல்லை, மாதுளைச் செடி மட்டும் அசைந்தது. புதுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சுவரோரமாகப் போய், செடியைப் பார்த்தபடி நின்றேன்.

அவன் அப்பா