சுவரொட்டியில் என் மகள்

மார்ச் 4, செவ்வாய்

நான் ஓட்டும் பள்ளி வேனில் இன்று இரண்டு வாண்டுகள் ஜன்னல் சீட்டுக்காகக் கட்டிப் புரண்டன. என் மகள் முன் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து பஞ்சாயத்து செய்தாள்.

மாலையில் அறக்கட்டளைச் செயலாளரைப் பார்த்தேன். மகளுக்கு இதயத்தில் முதல் ஆபரேஷன் நடக்க வழி செய்தவர். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். அடுத்த ஆபரேஷன் ஜூனில். "செலவப் பத்தி யோசிக்காதீங்க. பாப்பா எங்க வீட்டுப் பொண்ணு" என்றார். ஞாயிற்றுக்கிழமை நன்கொடைக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். மேடை என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மகளைப் பற்றி என்றால் மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது.

மார்ச் 9

பேசினேன். அழுதேன். கூட்டமே அழுதது. உண்டியல் நிரம்பிவிட்டதாம்.

மார்ச் 21

பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்துவிட்டது. தினமும் நான் வேனைத் திருப்புகிற இடத்துக்கு எதிரே.

ஏப்ரல் 2

செயலாளரைக் கைது செய்துவிட்டார்கள். டீக்கடை டிவியில்தான் பார்த்தேன். நன்கொடையில் கொஞ்சம் ஆஸ்பத்திரிகளுக்கும், மிச்சமெல்லாம் குண்டு வைத்தவர்களுக்கும் போயிருக்கிறதாம். அவர் முகத்தைக் காட்டினார்கள். அடுத்து, நன்கொடை கேட்டு ஊரெல்லாம் ஒட்டிய சுவரொட்டி. அதில் என் மகள், முன்பல் இல்லாமல் சிரிக்கிறாள்.

கடைக்காரர் டிவியை அணைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

பொய்யாக இருக்கும். இருக்காதா? என் கையைப் பிடித்திருந்த அந்தக் கை — அதேதானா?

ஏப்ரல் 3

வேனில் பாதி சீட்டு காலி. ஒரு பிள்ளையின் அம்மா வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. பிள்ளைங்க விஷயம் பாருங்க."

எதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஏப்ரல் 11

அறக்கட்டளையை முடக்கியாகிவிட்டது. ஜூன் ஆபரேஷன் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"கொழந்த என்னங்க பண்ணுச்சு, டாக்டர்?"

"புரியுதுங்க. ஆனா என் கையில எதுவும் இல்ல."

அரசு ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்தேன். எப்போது என்று கேட்டேன். "கூப்பிடுவோம்" என்றார்கள்.

வீட்டில் மனைவி பாத்திரத்தைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "நம்ம பொண்ணு உசுரோட இருக்கறதும் அந்தாளாலதானே? அப்ப நான் அவன திட்டறதா, கும்பிடறதா?" வாயை மூடு என்று கத்தினேன். என்னத்தச் சொல்ல? எனக்கும் தெரியலயே.

மே 6

செயலாளர் வழக்கில் போலீஸ் மறுபடி கூப்பிட, விசாரணைக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசுகிறார். கேள்வி ஒன்றேதான்: "உங்களுக்குத் தெரியவே தெரியாதா?" தெரியாது, தெரியாது என்று சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்கிறது.

வெளியே பெஞ்சில் பக்கத்தில் ஓர் அம்மா. கணவர் பேருந்து நிலையக் குண்டுவெடிப்பில் இறந்துவிட்டார். அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தவர்கள் என்பதால் வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"மாசாமாசம் குடுத்தோம் தம்பி. ஒரு கூட்டத்துல யாரோ ஒரு அப்பா பேசினாராம், அதக் கேட்டுட்டு வந்து இவரு அப்படி அழுதாரு. அந்தப் பாப்பா இப்ப எப்படி இருக்கோ, பாவம்."

எழுந்து ஓடிவிட நினைத்தேன். அதற்குள் "இருக்காம்மா" என்று வாய் சொல்லிவிட்டது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். எழுந்து போகவில்லை. நானும் போகவில்லை.

ஜூன் 17

வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். புது வீடு மூன்றாம் மாடி. வேனை விற்றுவிட்டேன், இப்போது சிமெண்டு லாரி ஓட்டுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் கூப்பிடவில்லை.

முதல் மாடியிலேயே மகளுக்கு மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டேன்.

"கனமா இருக்கேனாப்பா?"

"ஆமாடி, சிமெண்டு மூட்டையாட்டம் இருக்கே" என்றேன். சிரித்தாள்.

கனக்கவே இல்லை.